குருவிக் கூண்டின் அடித்தளம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எமது இல்லத்துக்கு வருகின்ற உறவினர் ஒரு காட்சியைக் கண்டு நகைப்பதுண்டு. முன்விறாந்தையில் சென்ற வாரத்துப் பத்திரிகைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, அவற்றை அளவாக மடிப்பதும் வெட்டுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுமாக நாம் இருப்போம். அருகே கூண்டினுள் இரண்டு சீப்ரா பிஞ்ச் குருவிகள் சிறுபிள்ளைகளின் ஊதுகுழல் போன்ற குரலில் "பீப், பீப்" என ஒலித்தபடி கொம்புக்குக் கொம்பு தாவிக்கொண்டிருக்கும். "உதென்ன பிள்ளை, குருவிகளும் பேப்பர் வாசிக்கத் தொடங்கிவிட்டுதுகளோ?" என்று அம்மம்மா ஒருமுறை கேட்டார். குருவிகள் வாசிப்பதில்லை, நாம்தாம் வாசிக்கிறோம். அச்சிட்டிருப்பதை அன்று, மறுநாட் காலையில் குருவிகள் அதன்மீது எழுதிவைத்திருப்பதை. நேயர்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தப் பக்கமும் அடுத்த வாரம் எமது கூண்டுத் தட்டைச் சென்றடையும். அதுபற்றி எமக்கு யாதொரு மனக்குறையும் இல்லை.

கூண்டுப் பறவைகளைப்பற்றி எழுதுவோர் அவற்றின் நிறத்தையும் குரலையும் உணவையும்பற்றி விரித்துரைப்பர். கூண்டின் அடித்தளத்தைப்பற்றிப் பேசுவோர் அரியர். நாமும் முன்னர் அவ்வாறே இருந்தோம். அதனை எமக்குக் கற்பித்தது ஒரு மஞ்சட் கனேரியின் மரணம்.

வெள்ளவத்தையில் நாம் குடியிருந்த காலத்தில், மூத்த மகளின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கென ஓர் ஆண் கனேரியை வாங்கினோம். விற்றவர் கூண்டின் அடியில் இரண்டங்குல உயரத்துக்கு மரத்தூளைக் கொட்டி, "இதை மாதத்துக்கு ஒருக்கால் மாற்றினாற் போதும், மணமும் வராது, வேலையும் இல்லை" என்றார். வேலை இல்லை என்ற சொல் எமக்கு இனித்தது. கனேரியோ காலை ஆறு மணிக்கே கழுத்தைப் புடைத்துப் பாடத் தொடங்கிவிடும். மகள் பாடசாலைக்குப் புறப்படுமுன் கூண்டருகே நின்று, அது பாடி முடிக்கும்வரை சப்பாத்தைப் போடாமற் காத்திருப்பாள்.

வைகாசி மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. கூண்டைக் குசினி யன்னலின் அருகே மாற்றினோம். கனேரி குளிப்பதில் மிகு விருப்புடைய பறவை. கிண்ணத்து நீரில் பாதியை வெளியே சிதறிவிடும். விதையின் கோதுகளும் எச்சமும் கீரைத்துண்டும் அந்த ஈரத்தூளின்மீதே விழுந்தன. மேற்பரப்பு காய்ந்து வெளிறியிருந்தமையால் எமக்கு யாவும் சுத்தமாகவே தோன்றின. இலேசான பூஞ்சண மணம் வீசியது உண்மை; ஆயின் மழைக்காலத்துச் சுவரின் மணம் என்றே அதனை எண்ணினோம். மூன்றாம் வாரத்தில் பாட்டு நின்றது. கனேரி இறகுதிர்க்கும் காலத்தில் பாடுவதை நிறுத்தும் என்று எங்கோ வாசித்திருந்தோம். அரைகுறை அறிவு ஆறுதலும் அளித்தது. பின்னர் அது இறகைப் புடைத்துக்கொண்டு ஒரே கொம்பில் அமர்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைந்தது. அலகு திறந்தபடியே இருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுசென்ற அன்றிரவே அது இறந்தது.

வைத்தியர் அதன் உடலைத் திறந்து, மூச்சுப்பைகளில் சாம்பற் பச்சை நிறத்தில் படர்ந்திருந்த திட்டுக்களைக் காட்டினார். அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கூண்டின் அடியிலே என்ன போட்டிருந்தீர்கள்?" வீடு திரும்பி மரத்தூளைக் கிளறினோம். மேலே வெளிறியிருந்த தூளின் கீழே, கோதுகளும் எச்சமும் கட்டிபட்டு, அதே சாம்பற் பச்சைப் பூஞ்சணம் மூலைக்கு மூலை படர்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, நாங்கள்தானே அதைப் போட்டனாங்கள்?" என்றாள். விற்றவர் சொன்னபடி செய்தோம் என்று நாம் விடையிறுத்திருக்கலாம். அந்த விடை வாயில் வரவில்லை.

பறவையின் சுவாச அமைப்பை அறிந்திருந்தால் அத்தவறு நேர்ந்திராது. மனிதருடைய நுரையீரலில் காற்று சென்ற வழியே திரும்புகிறது. பறவைக்கோ நுரையீரலோடு பல மெல்லிய காற்றுப்பைகளும் உள. உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்று நுரையீரலூடாக ஒரே திசையிற் செல்லும் வண்ணம் அவை அமைந்துள்ளன. பறப்பதற்கு வேண்டிய ஒட்சிசனைப் பெறுவதற்கு இஃது அற்புதமான ஏற்பாடு. ஆனால் காற்றில் நஞ்சோ நுண்தூளோ பூஞ்சண வித்தோ இருப்பின், அதுவும் அதே விரைவில் உட்புகும். கனேரியின் நிறை ஏறக்குறைய 20 கிராம்; சீப்ரா பிஞ்சின் நிறை 12 கிராம் அளவே. அத்துணைச் சிறிய உடல் நெடுநாட் போராட மாட்டாது.

இதனை உலகம் வேறொரு வழியாகவும் கண்டறிந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் உடலியல் அறிஞர், நிலக்கரிச் சுரங்கங்களில் மணமும் நிறமும் இன்றிக் கொல்லும் காபனோரொட்சைட்டு வாயுவை அறிவதற்குச் சிற்றுயிர்களைக் கொண்டுசெல்லலாம் எனக் கூறினார். மனிதன் மயங்குமுன் கனேரி மயங்கும். உடனே தொழிலாளர் வெளியேறலாம். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986ஆம் ஆண்டு மின்னணுக் கருவிகள் வரும்வரை நிலைத்திருந்தது. மயங்கிய பறவைக்கு மூச்சளிப்பதற்கென மேலே சிறிய ஒட்சிசன் உருளை பொருத்திய கூண்டுகளும் இருந்தன. தம்மைக் காத்த குருவியைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் அத்தொழிலாளருக்கு இருந்தது. சுரங்கத்தின் நச்சுக்காற்றை அறிவிக்கும் பறவையை ஈரமரத்தூளின் மேல் வைத்துவிட்டு, அது தந்த அறிவித்தலை நாம் மூன்று வாரம் கவனியாதிருந்தோம்.

பெயரைப்பற்றி ஒரு சிறு செய்தி, மாணவர்கள் விரும்புவர். கனேரித் தீவுகளின் இலத்தீன் பெயர் நாய்களைக் குறித்து எழுந்தது என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். தீவுக்கு நாயாலும், குருவிக்குத் தீவாலும் பெயர் வந்தது. காட்டில் வாழும் கனேரி இன்றும் அத்தீவுகளிலும் மதேராவிலும் அசோரசிலும் உண்டு. பசுமை கலந்த மங்கலான நிறமுடையது. ஸ்பானியர் பதினைந்தாம் நூற்றாண்டில் அத்தீவுகளைக் கைப்பற்றிய பின்னர் ஐரோப்பா சென்று, தலைமுறை தலைமுறையாக வளர்ப்போர் தெரிந்தெடுத்தமையால் மஞ்சள் நிறம் வாய்ந்தது. சீப்ரா பிஞ்ச் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக் குருவி. நிலத்திலே நடந்து விதை பொறுக்கும் பழக்கமுடையது. பெங்காலிப் பிஞ்சுக்கு வங்காளத்தோடு யாதொரு தொடர்பும் இல்லை. அது எமது நாட்டிலும் வாழும் வெண்முதுகுச் சில்லை இனத்தினின்றும் கீழைநாடுகளில் வளர்ப்பினால் உருவானது. யப்பானியரே அதனைப் பெரிதும் பேணி வளர்த்தனர். இவற்றின் பிறப்பிடத்தை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. கனேரி பெரும்பாலும் கொம்பிலேயே தங்கும். பிஞ்ச் குருவிகளோ பகலில் நெடுநேரம் அடித்தளத்தில் நடமாடும். ஆகவே பிஞ்சுக்குக் கூண்டின் அடித்தளம் குப்பைத்தொட்டி அன்று, அதன் முற்றம்.

இனி அத்தளத்தில் எதனை விரிப்பது? பழைய நூல்கள் மணலைச் சொல்லும். யாழ்ப்பாணத்து வெயிலில் கழுவி உலர்த்திய வெண்மணலைப் பரப்பி, நாள்தோறும் சல்லடையால் எச்சத்தை அரித்தெடுத்தால் அது மோசமன்று. கடற்கரை மணலாயின் உப்புப் போகும்வரை பலமுறை நன்னீரிற் கழுவவேண்டும். ஆயின் கொழும்பின் மழைக்காலத்தில் மணல் உலர்வதே இல்லை. அரித்தெடுக்கும் பொறுமையும் இரண்டாம் வாரத்தில் எம்மைவிட்டு நீங்கிவிடும். மணலை உண்டால்தான் குருவிக்குச் சமிக்கும் என்பர் சிலர். கோழியும் புறாவும் தானியத்தை முழுதாக விழுங்குகின்றன. அவற்றுக்கு இரைப்பையில் கல் வேண்டும். கனேரியும் பிஞ்சும் ஒவ்வொரு விதையையும் அலகால் உரித்துப் பருப்பை மாத்திரம் உண்பன. அவற்றுக்குக் கரையாத கல் இன்றியமையாத பொருளன்று. சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு கணவாய் ஓட்டைக் கம்பியிற் செருகிவைத்தாற் போதும்.

மரத்தூள், உமி, தும்புச்சோறு, சோளப்பொத்தித் துணுக்கு, பூனைகளுக்கென விற்கப்படும் மண் ஆகியன எல்லாம் ஒரே குறையுடையன. அழுக்கை மறைக்கின்றன. எச்சம் உள்ளே புதைகிறது. மேலே சுத்தம் தோன்றுகிறது. இடையே ஈரம் தங்கிப் பூஞ்சணம் வளர்கிறது. அவற்றின் தூளும் பறவையின் மூச்சுக்கு ஆகாது. விளம்பரத்தில் இவற்றின் சிறப்பாகச் சொல்லப்படும் 'அடிக்கடி மாற்றத் தேவையில்லை' என்பதே எமது கருத்தில் இவற்றின் பெரும் பிழை. மணற்கடதாசி விரிப்பு வேறொரு வகையான தீங்கு. நகம் தேயும் என்று அதனை விற்பர். நகம் தேய்வதிலும் பார்க்க உள்ளங்கால் தேய்வதே மிகுதி; தேய்ந்த காலில் அழுக்குப் பட்டால் வீங்கிப் புண்ணாகும்.

எஞ்சுவது வெற்றுக் கடதாசி. பத்திரிகைத் தாள் மலிவானது, ஈரத்தை உறிஞ்சும், நாள்தோறும் எறிந்துவிடலாம், எல்லாவற்றுக்கும் மேலாக எதனையும் மறைக்காது. மையில் நஞ்சில்லையா என்று கேட்போர் உளர். இக்காலத்துக் கறுப்பு அச்சுமை பெரும்பாலும் கரியும் எண்ணெயும் கலந்தது. தாளைக் கடித்துத் தின்னாத இக்குருவிகளுக்கு அதனால் இடர் இல்லை. வழுவழுப்பான வர்ணப் பக்கங்களை மாத்திரம் ஒதுக்கிவிடுக. அவை நீரை உறிஞ்சா. குஞ்சுகளின் கால் அவற்றின்மீது வழுக்கும். வெள்ளைப் பொதிதாள் கிடைப்பின் மேலும் நன்று. எச்சத்தின் நிறம் தெளிவாகத் தெரியும்.

எமது முறை பின்வருமாறு. தட்டின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி வைத்துள்ளோம். அதனை அச்சாகக் கொண்டு ஞாயிறு காலையில் தாள்களை வெட்டுவோம். பதினான்கு தாள்களை ஒருங்கே விரித்து, நாள்தோறும் காலையில் மேலேயுள்ள இரண்டை உருட்டி எடுப்போம். ஒன்றை மாத்திரம் எடுத்தால் ஈரம் கீழ்த்தாளில் ஊறியிருக்கும் என்பதைச் சில நாளிலேயே கண்டுகொண்டோம். குளியல் முடிந்ததும் நனைந்த தாள்களை அப்போதே நீக்கவேண்டும். மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது. வார முடிவில் தட்டு வெறுமையாகும். அன்று அதனைக் கழுவும் நாள். இந்த ஏற்பாட்டினால் காலைவேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. பாடசாலை செல்லும் பிள்ளைகளின் கையில் ஒப்படைக்கத்தக்க வேலை அது.

ஆயின் தட்டை இழுக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. தட்டு வெளிவந்ததும் கூண்டின் அடியில் ஒரு நீண்ட வாயில் திறக்கிறது. பிஞ்ச் குருவிக்கு இரண்டு விரல் உயர இடைவெளி போதும். எமது வீட்டில் ஒரு பெண் பிஞ்ச் அவ்வழியே வெளியேறி, ஒரு பகல் முழுவதும் திரைச்சீலைக் கம்பியில் அமர்ந்து எம்மை நோக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி அப்போது சுழலாதிருந்தது அதன் நல்வினை. அன்றுதொட்டு அட்டைத் துண்டினால் வாயிலை அடைத்தவாறே தட்டை இழுக்கிறோம். யன்னல்களை முன்னதாகவே சாத்திவிடுகிறோம்.

சில கூண்டுகளில் தட்டின்மேல் ஒரு கம்பிவலை இருக்கும். எச்சம் கீழே விழும். குருவியின் கால் அதில் படாது. கனேரிக்கு அது ஏற்றது. நிலத்தில் நடமாட விரும்பும் பிஞ்சுக்கு அதனை நீக்கிவிட்டு, தாளை நாள்தோறும் மாற்றுவதே நன்று என்பது எமது அனுபவம். குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் காலத்தில் கனேரிக் கூண்டிலும் வலையை எடுத்துவிடவேண்டும். மெல்லிய கால்கள் கம்பிகளுக்கிடையே அகப்பட்டு முறியும். நாகம் பூசிய புதுக் கம்பியாயின் முதலில் வினாகிரியால் தேய்த்துக் கழுவி உலர்த்துக. அதில் ஒட்டிநிற்கும் நாகத் துணுக்கை உண்ட பறவை நஞ்சேறி இறக்கும். பழைய வீட்டுக் கூண்டுகளில் ஈயம் கலந்த வர்ணம் பூசியிருப்பதுண்டு. வர்ணம் உரிந்த அத்தகைய கூண்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படுத்தற்க.

கொம்புகளை நீர்க்கிண்ணத்துக்கும் தீனிக்கிண்ணத்துக்கும் நேர்மேலே வைத்தல் ஆகாது என்பதைச் சொல்லாமலே உணர்வர். எறும்பு வராதிருக்கக் கூண்டுக் கால்களை நீர் நிரம்பிய ரின்களில் வைக்கும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. அந்த நீரை நாட்கணக்கில் விட்டுவைத்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும். காலைச் சுற்றி வாசலீன் தடவுவது எளிது.

தீனிக்கிண்ணத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. இக்குருவிகள் உரித்த கோதுகள் கிண்ணத்திலேயே தங்கும். பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்தே காணப்படும். உள்ளே ஒரு விதையும் இராது. நிறைந்த கிண்ணத்தின்முன் பட்டினியால் இறந்த குருவிகள் பல. ஒரு நாட் பட்டினியே இச்சிற்றுயிர்களுக்குப் பேரிடர். காலைதோறும் கிண்ணத்தை வெளியே எடுத்துச் சென்று மெல்ல ஊதிப் பார்க்கவேண்டும். சிறிய சுளகிருந்தால் அம்மம்மாமார் நெல் புடைப்பதுபோற் புடைத்துவிடலாம்.

காலையில் உருட்டி எடுக்கும் தாளை உடனே எறியாது ஒரு கணம் விரித்துப் பாருங்கள். நலமுள்ள குருவியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் காணப்படும்: கரும்பச்சையோ கபிலமோ ஆன சிறு சுருள், அதனைச் சூழ்ந்த வெண்மை, சிறிது தெளிநீர். வெண்மையே அதன் சிறுநீரின் கட்டிப்பட்ட பகுதி. கீரை உண்ட நாளில் பச்சை மிகும். பீற்றூட் உண்டால் சிவக்கும். குளித்தபின் நீர் கூடும். இவற்றுக்கு அஞ்சவேண்டியதில்லை. காரணமின்றி இரண்டு நாள் நீராகப் போதல், சமியாத விதை முழுதாக வெளிவருதல், தார்போலக் கறுத்தல், குருதி கலத்தல், எண்ணிக்கை திடீரெனக் குறைதல் ஆகியவை கண்டால் வைத்தியரை நாடவேண்டும். எந்தக் கொம்பின்கீழ் எச்சம் குவிந்துள்ளது என்பதும் ஒரு செய்தி. முன்னர் தட்டெங்கும் பரந்திருந்தது இன்று ஒரே இடத்திற் குவிந்திருப்பின், குருவி அசையாமல் அமர்ந்திருந்தது என்று பொருள்.

குருவி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் நோயுற்றதாகக் காட்டிக்கொள்ளும் பறவையைப் பருந்து முதலிற் கொண்டுசெல்லும் அன்றோ. ஆதலால் நாம் அதன் உடலைப் பார்த்து அறியுமுன் தாளைப் பார்த்து அறிதல் கூடும். கனேரி இறந்து இரண்டு ஆண்டுகளின் பின் இப்பிஞ்ச் இணை வந்தது. ஒருநாட் காலை தாளை உருட்டிய மகள் ஓடிவந்து, "அப்பா, இண்டைக்கு எல்லாம் ஒரு மூலைக்குள்ளதான் கிடக்குது, தண்ணியாயும் கிடக்குது" என்றாள். ஆண் குருவி அப்போதும் தாவிக்கொண்டுதான் இருந்தது. அதன் தோற்றத்தில் நாம் ஒரு குறையும் காணவில்லை. தாளின் ஒரு பகுதியை வெட்டிச் சிறு பெட்டியில் இட்டு வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அவர் நுணுக்குக்காட்டியில் நோக்கி, கொக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி என்றார். நீரிற் கலந்த மருந்தினால் சில நாட்களில் அது தேறியது. இன்னும் மரத்தூளை விரித்திருந்தால் அந்த எச்சத்தை யார் கண்டிருப்பர்?

அவ்வொட்டுண்ணியின் வரலாறு, ஏன் நாள்தோறும் தாளை மாற்றவேண்டும் என்பதையும் விளக்குகிறது. எச்சத்தோடு வெளிவரும் அதன் நுண்முட்டை உடனே நோய் தருவதன்று. ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே மற்றொரு குருவியைப் பற்றவல்லது. கொழும்பின் காற்றில் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் குறைவில்லை. அது முதிருமுன் தாள் குப்பைக்குச் சென்றுவிட்டால் சங்கிலி அறுந்துபோகிறது. மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பெருஞ்சுத்தம் எத்துணைக் கடுமையாயினும் இதனைச் சாதிக்காது.

வாரச் சுத்தத்துக்குக் குருவிகளை வேறொரு சிறு கூண்டுக்கு மாற்றிக்கொள்வோம். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூள் பறக்கும். அது குருவிக்கும் கூடாது, எமக்கும் கூடாது. ஆகவே முதலில் வெந்நீர் தெளித்து ஊறவிடுவோம். ஈளை நோயுள்ளவர்கள் இவ்வேலையை மற்றவரிடம் விடுதல் நன்று. பின்னர் சவர்க்கார நீராலும் பழைய பற்றூரிகையாலும் தேய்த்துக் கழுவவேண்டும். கிருமி நீக்க விரும்பின், வீட்டில் பயன்படும் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர் சேர்த்து, கழுவிய தட்டில் பத்து நிமிடம் நிறுத்தி, மணம் போகும்வரை நன்னீரால் அலசி, வெயிலில் உலர்த்துக. அழுக்கைக் கழுவாமல் வெளிற்றியை ஊற்றுவது வீண்; அழுக்கே அதன் வலுவைத் தின்றுவிடும். அதனை வினாகிரியுடனோ அமோனியா சேர்ந்த திரவத்துடனோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். கொக்சிடியாவின் முட்டைக்கு வெளிற்றி பணியாது. கொதிநீரும் முழு உலர்ச்சியுமே அதற்கு மருந்து. ஆதலால்தான் எமது பிளாஸ்டிக் தட்டை விடுத்து, கொதிநீர் தாங்கும் உலோகத் தட்டைச் செய்வித்தோம்.

தட்டின் அடிப்புறத்தையும் அது நுழையும் தவாளிப்பையும் மறவாதீர்கள். செஞ்சிற்றுண்ணி என்னும் சிறுபூச்சி பகலில் அவ்விடுக்குகளிலே பதுங்கியிருந்து, இரவில் வந்து உறங்கும் குருவியின் குருதியை உறிஞ்சும். பகலில் எவ்வளவு தேடினும் குருவியின்மேல் அதனைக் காண இயலாது. இரவிற் கூண்டின்மேல் வெள்ளைத் துணியொன்றைப் போர்த்து, விடியுமுன் விளக்கொளியில் மடிப்புகளை நோக்கின் செம்புள்ளிகள் ஊர்வதைக் காணலாம். கொதிநீர் இதற்கும் எமன். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும் என்பதைச் சிறுவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கூண்டைச் சுத்தமாக வைத்தாலும் அறையின் காற்று கெட்டால் பயனில்லை. நுளம்புச் சுருளும் சாம்பிராணிப் புகையும் குருவியுள்ள அறையில் வேண்டா. உணவு ஒட்டாத பூச்சுடைய சட்டி அளவுமீறிச் சூடேறினால் எழும் ஆவி, மனிதர் மூக்குக்குத் தெரியாமலே சில நிமிடங்களிற் குருவியைக் கொல்லும். கனேரியைக் குசினி யன்னலருகே வைத்ததும் தவறே என்று பின்னரே உணர்ந்தோம்.

குஞ்சுகள் உள்ள காலத்திலும் தாளை நாள்தோறும் மாற்றத்தான் வேண்டும். ஆயின் ஓசையின்றி, ஒரே நேரத்தில், ஒரே கையால் மாற்றினால் தாய்ப்பறவை அஞ்சாது. கழுவும் வேலையைச் சிறிது தள்ளிவைக்கலாம். சீப்ரா பிஞ்சுக்குக் கூடுகட்டத் தென்னந்தும்பு மிக ஏற்றது. விரல்நீளமாக வெட்டிக் கொடுக்கவேண்டும். நீண்ட தும்பும் நூலும் காலிற் சுற்றி விரலையே அறுத்துவிடும். சென்ற ஆண்டு நாம் தும்பு கொடுக்கச் சிறிது தாமதித்தோம். ஆண் குருவி பொறுக்கவில்லை. தட்டிலிருந்த தாளின் விளிம்பை நாராகக் கிழித்துத் தானே கூடுகட்டத் தொடங்கிவிட்டது. அன்றைய தாள் ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவைப் பகுதி. 'நற்குணமுள்ள' என்ற சொல்லோடு ஒரு துண்டு கூட்டின் வாயிலில் பல நாள் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மம்மா வருவோரிடமெல்லாம் அதனைக் காட்டி மகிழ்ந்தார்.

அக்கூட்டில் நான்கு குஞ்சுகள் பொரித்தன. ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகத் தளத்தில் இறங்கின. முதற்குஞ்சு இறங்கிய அன்று மகள் பாடசாலையால் வந்து, சீருடையை மாற்றாமலே கூண்டின் முன் அமர்ந்துவிட்டாள். காலையிலே தாள் மாற்றியாகிவிட்டது. மாலைக்குள் அது அழுக்காகவும் இல்லை. இருந்தும் அவள் கைகழுவி வந்து, மேலிருந்த இரண்டு தாள்களையும் மெல்ல உருவி எடுத்தாள். குஞ்சு புதுத்தாளின்மேல் இரண்டு அடி வைத்து, ஒரு சிறு எச்சமிட்டது. அவள் குனிந்து பார்த்து, "மூன்றும் இருக்குது" என்றாள்.